விசேஷம் இல்லாத மொய்

முதல் தடவை மறைத்தோம்.
தைராய்டு என்று சொல்லிவைத்தோம்.
பூம்பாறையில் ஒரு வீட்டு இருமல்
ஏழு வீட்டுக்குக் கேட்கும்.
ஆனாலும் ஊர் தெரியாததுபோல் இருந்தது,
எங்களுக்கு அது செய்த மரியாதை.

நாலு வருஷம்.
கொட்டிய முடி முதலில் சுருட்டையாக வந்தது,
தவமணி அக்காவுக்கு அது பிடித்திருந்தது.
எட்டுப் போகம் பூண்டு எடுத்தோம்.
பிறகு, விலா எலும்பில்
மிளகளவு வெளிச்சம் என்று
மதுரையில் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார்கள்.

பஸ்ஸில்
காமக்காப்பட்டி செக்போஸ்ட் வரை யாரும் வாய் திறக்கவில்லை.
பெருமாள்மலையில் டீக்கு இறங்கியபோது
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"இந்தத் தடவை பொய் சொல்லத் தெம்பு இல்லடா."

விதைப்பூண்டை விற்றுவிடலாம் என்றார் அண்ணன்.
அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் பிடிகள்,
வைகாசி நடவுக்கு வைத்தவை.
வடுகபட்டி சந்தையில் அன்றைய விலைக்குப் போட்டால்
ஒன்றரை ஊசிக்கு ஆகும்.
அரை ஊசியை எப்படிப் போடுவார்கள் என்று
அக்காதான் சிரித்தாள்.

மொய் வைப்போம் என்றது இந்திராணி மதினி.
எதுக்கு?
காதுகுத்தா, சடங்கா, புதுவீடா?
கொடைக்கானல் அச்சகத்துக்காரர் இரண்டு முறை கேட்டார்,
"விசேஷம் என்னங்க?"
பிளஸ் டூ படிக்கிற அண்ணன் மகள்
பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தாள்:
எங்கள் அத்தை தவமணிக்கு மறுபடியும் புற்றுநோய்.
ஞாயிறு காலை பத்து மணி.
சாப்பாடு உண்டு. அவசியம் வரவும்.

ஞாயிற்றுக்கிழமை
எதிர்ப்பக்கத்துப் படிக்கட்டு வயல்கள் தெரியாத அளவுக்கு மஞ்சு.
பந்தல் போட்டாகிவிட்டது, சாம்பார் கொதிக்கிறது,
மொய் எழுத ஆள் இல்லை.
ஊரில் எல்லா வீட்டு மொய்யும் எழுதுவது அக்காதான்,
அச்சடித்த மாதிரிக் கையெழுத்து.
பின்னிப் பூ வைத்துக்கொண்டு
அவளே வந்து உட்கார்ந்தாள்.
பழைய ஊசிகள் கறுக்க வைத்த நரம்போடு ஒரு கை
நோட்டை அமர்த்திப் பிடித்தது.

கவுஞ்சி ராசாங்கம், ஐந்நூறு.
மன்னவனூர் சித்தப்பா மகன், ஆயிரத்தொன்று.
பாலாமணி, பணம் இல்லை,
அக்கா கீழே இறங்குகிற நாளெல்லாம் மாட்டைப் பார்த்துக்கொள்வாள்.
ஜீப் அந்தோணி, வத்தலக்குண்டு வரை இறக்கி ஏற்ற,
டீசல் மட்டும் நம்முடையது.
பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், ஓ நெகட்டிவ், ஒரு யூனிட்.
"இதை எந்தப் பக்கம் எழுத?"
என்று நிமிர்ந்து கேட்டாள்.
வரவுப் பக்கம் என்றார் அவர்.

வரப்புத் தகராறில் ஏழு வருஷமாக
எங்களோடு பேச்சில்லாத குப்பணன்
கவரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.
"பேரு சொல்லாம மொய் வாங்கிறதில்ல."
நின்றார்.
பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த பெயரை
இனிஷியலோடு சொன்னார்.
எழுத்துக் கூட்டி எழுதுவதுபோல் மெதுவாக எழுதினாள்.
பிறகு இலை போடச் சொன்னாள்.

ராத்திரி எண்ணினோம்.
ஆறு ஊசிக்கு வந்திருந்தது.
வேண்டியது பதினெட்டு.
விதைப்பூண்டில் பாதி அடுப்புக்கு மேலிருந்து இறங்கியது.
மீதி என்ன என்று
அண்ணன் யாரையும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் நோட்டை மூடவில்லை.
"மொய்னா திருப்பிச் செய்யணும்" என்றாள்,
எங்களிடம் அல்ல.
"ராசாங்கம் கடைசிப் பொண்ணுக்கு
இப்ப என்ன வயசு?"
மூணு என்றேன்.
விரல் மடக்கினாள், ஒன்பதோ பத்தோ,
கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து.
"அவ சடங்குக்கு
ஐந்நூறெல்லாம் அப்ப ஒரு காசா?"
கவுஞ்சி ராசாங்கத்தின் பெயருக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஆயிரம் என்று குறித்துவிட்டு
அடுத்த பெயருக்குப் போனாள்.